சலூன் கத்தி வீட்டுக்கு வரப்போகுதா? எதை வாங்கணும், எதை வாங்கவே கூடாது?

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி செக்போஸ்ட், பூந்தமல்லி டிரங்க் ரோடு... எந்தப் பக்கம் போனாலும் நாலு கடை தள்ளி ஒரு சலூன் கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. கழுத்தில் துண்டு, கன்னத்தில் நுரை, அண்ணன் கையில் அந்த மடக்குக் கத்தி. சர்ர்னு ஒரு இழுப்பு. முகம் கண்ணாடி மாதிரி ஆயிடும்.

'இதை நாமளே வீட்ல பண்ணா என்ன?' என்று இப்போது நிறைய பேர் யோசிக்கிறார்கள். ரீல்ஸைத் திறந்தால் மரக் கைப்பிடி போட்ட கத்தி, தோல் வார், வாசனை சோப்பு என்று ஆசை காட்டுகிறார்கள். ஆன்லைனில் '7 இன் 1 கிட்' என்று பளபளக்கும் பெட்டிகளும் வரிசை கட்டுகின்றன.

அவசரப்பட்டு ஆர்டர் போடாதீங்க பாஸ்! தவறான கத்தியை வாங்கினால் காசு மட்டும் போகாது, கன்னமும் கிழியும். எதை வாங்கலாம், எந்த வரிசையில் வாங்கலாம்? பார்த்துடலாம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

சலூனில் நீங்கள் பார்ப்பதும், பழைய படங்களில் தாத்தாக்கள் தோலில் தீட்டுவதும் ஒரே கத்தி இல்லை.

பழைய சவரக் கத்தி முழுக்க ஒரே இரும்பு. அதன் விளிம்பே பிளேடு. மழுங்கினால் தீட்டணும், கல்லில் தேய்க்கணும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பேரன் காலம்வரை உழைக்கும். இதைத்தான் 'ஸ்ட்ரெயிட் ரேஸர்' என்கிறார்கள்.

சலூன் கத்தி வேறு. அது வெறும் பிடி. கடையில் கிடைக்கும் இரண்டு பக்க பிளேடைப் பாதியாக உடைத்து அதற்குள் செருகுவார்கள். ஒருவருக்குப் போட்ட பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்தவருக்குப் புதுசு. இதற்கு 'ஷேவெட்' என்று பெயர்.

பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் குணம் வேறு, பராமரிப்பு வேறு, செலவும் வேறு.

பழைய கத்தி சலூனை விட்டு ஏன் போச்சு?

ஒரு காலத்தில் நம்ம ஊரிலும் தீட்டுகிற கத்திதான். நாற்காலிக்குப் பக்கத்தில் தோல் வார் தொங்கும். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் தூக்கி எறியும் பிளேடை 1903-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதல் வருஷம் விற்றது வெறும் 51 ரேஸர், 168 பிளேடு. அதன் பிறகு அந்த மெல்லிய பிளேடு உலகம் முழுக்கப் பரவி, வீட்டுச் சவரத்தையே மாற்றிவிட்டது.

சலூன்களுக்கு வேறொரு காரணமும் சேர்ந்தது: ரத்தத்தால் பரவும் நோய். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது நம்ம சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் சேர்ந்து கண்டறிந்தார்கள். 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. 'புது பிளேடு போடுங்கண்ணே' என்று வாய்விட்டுக் கேட்பது அந்தக் காலத்தில் பழகிப்போன விஷயம்.

எச்.ஐ.வி. கத்தி மூலம் பரவுவது மிக அரிது. உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது ஹெபடைட்டிஸ் பி. அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த பரப்பில்கூட குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் போதும்.

அதனால் கத்தி வாங்கும் முன்பே ஒரு சட்டம் போட்டுக்கோங்க: உங்க கத்தி உங்களுக்கு மட்டும்தான். அண்ணன், தம்பி, ரூம்மேட், யார் கேட்டாலும் 'நோ'. ஒரே ரூமில் நாலு பேர் தங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படிங்க.

முதல் கத்தி: ஷேவெட்டா, ஒரிஜினலா?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஷேவெட் விலை குறைவு, தீட்டும் வேலை இல்லை. ஆனால் கன்னத்தில் கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டும். புது பிளேடின் கூர் ரொம்பவே அதிகம், கத்தியோ லேசாக இருக்கும். சின்னத் தப்புக்கும் கீறல் விழும். ஒரிஜினல் கத்தியின் விளிம்பு சற்று மென்மையாகப் போகும். ஆனால் தீட்டத் தெரியவில்லை என்றால் இரண்டே வாரத்தில் மழுங்கி, முடியைப் பிடுங்க ஆரம்பிக்கும்.

அப்போ எது? இப்படி முடிவு பண்ணுங்க.

- 'சும்மா முயற்சி பண்ணிப் பார்க்கணும், பிடிக்குமான்னு தெரியல' என்றால் ஷேவெட். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.
- 'தீட்டுறது, கல், பராமரிப்பு எல்லாமே எனக்குப் பிடிக்கும்' என்றால் ஒரிஜினல்.
- 'ரெண்டுமே பயமா இருக்கு' என்றால் இரண்டு பக்க பிளேடு போடும் சாதாரண சேஃப்டி ரேஸர். நுரை போடுவது, முடி வளரும் திசையைப் பார்ப்பது, கோணம் பிடிப்பது எல்லாம் இதிலேயே பழகிடும். ரெண்டு மாசம் கழித்துக் கத்திக்கு வந்தால் பாதி பாடம் முடிந்திருக்கும்.

ஷேவெட் வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்க

சலூன் சாமான்கள் மொத்தமாக விற்கும் கடைகள் பாரிமுனைப் பக்கம் இருக்கின்றன. அம்பத்தூர், ஆவடியில் இருந்து லோக்கல் டிரெயின் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் போய்விடலாம். நேரில் போனால் ஒரு லாபம்: கத்தியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். கவனிக்க வேண்டியவை இவை.

எடை: முழு பிளாஸ்டிக் பிடியைத் தவிருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், கையில் கொஞ்சம் கனமாகத் தெரிவதுதான் நல்லது. லேசான கத்தியை நாமே அழுத்துவோம். அழுத்தினால் ரத்தம்.

பிளேடு பிடிமானம்: பாதி பிளேடைச் செருகி மூடிய பிறகு, அது இம்மிகூட ஆடக் கூடாது. இரண்டு நுனியிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு சமமாக இருக்கணும். ஒரு பக்கம் கூடுதலாக நீட்டினால் அந்த மூலைதான் கன்னத்தைக் கிழிக்கும்.

திருகாணி: கத்தியும் கைப்பிடியும் சேரும் இடம் லொடலொடன்னு ஆடினால் வேண்டாம். விரித்தால் விரித்த இடத்தில் நிற்கணும்.

மூலை: பிளேடின் ஓரங்களைக் கொஞ்சம் மூடியது போல, வளைந்த முனையோடு வரும் மாடல் புதியவர்களுக்குப் பாதுகாப்பு.

பிளேடுக்கு அலைய வேண்டாம். டோபாஸ், செவன் ஓ'க்ளாக் எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். உடைப்பதற்கும் ஒரு முறை இருக்கு. உறையைப் பிரிக்காமல், பேப்பரோடு சேர்த்து நீளவாக்கில் நடுவில் மடக்கினால் 'டக்'கென்று இரண்டாகும். விரல் கூர்மையான பக்கம் போகாது. வெறும் பிளேடைக் கையில் பிடித்து உடைக்கும் வீரத்தனம் வேண்டாம்.

ஜப்பானின் ஃபெதர் கம்பெனி 'ஆர்ட்டிஸ்ட் கிளப்' என்று உயர் ரகக் கத்தி செய்கிறது. அருமையான பொருள்தான். ஆனால் அதற்கென்றே தனி பிளேடு வாங்கணும், விலையும் எகிறும். முதல் கத்திக்கு அது தேவையில்லை.

ஒரிஜினல் கத்தியே வேணும்னா...

இங்கேதான் ஏமாறுகிறவர்கள் அதிகம். கடைக்காரர் சொல்லும் நாலு வார்த்தையைப் புரிந்துகொண்டால் போதும்.

5/8: கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 4/8 குட்டி, 7/8 பெரிசு. புதியவர்களுக்கு 5/8 அல்லது 6/8 சரி. மூக்குக்குக் கீழே திருப்புவதற்கும் வாகாக இருக்கும்.

ரவுண்ட் பாயின்ட்: கத்தியின் முனை வட்டமாக இருக்கணும். சதுர முனை பார்க்க கெத்தா இருக்கும், ஆனா காதோரம் ஒரு கோடு போட்டுவிடும்.

ஹாலோ: கத்தியின் இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிவாகக் கடைந்திருப்பார்கள். நன்றாகக் குழித்தது 'ஃபுல் ஹாலோ', பாதி குழித்தது 'ஹாஃப் ஹாலோ'. குழிவே இல்லாமல் ஆப்பு மாதிரி தடிமனாக இருப்பது 'வெட்ஜ்'. முதல் கத்தி ஹாஃப் அல்லது ஃபுல் ஹாலோவாக இருக்கட்டும். தீட்டுவது சுலபம்.

ஷேவ் ரெடி: இதுதான் முக்கியம். கம்பெனியில் இருந்து வரும் பல கத்திகள் பார்க்கக் கூராக இருந்தாலும், முகத்தில் வைக்கும் அளவுக்குக் கூர் ஏற்றப்பட்டிருக்காது. 'சவரத்துக்குத் தயாராகத் தீட்டித் தருவீங்களா?' என்று கேட்டு, 'ஆமாம்' என்றால் மட்டும் வாங்குங்க.

கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா? கார்பன் ஸ்டீல் சீக்கிரம் கூராகும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். சென்னை ஈரக் காற்றில், பாத்ரூம் அலமாரியில் வைத்தால் சில நாளிலேயே புள்ளி விழும். ஸ்டெயின்லெஸ் தீட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் துருவைத் தாங்கும். நம்ம ஊருக்கு, மறதிக்காரர்களுக்கு, ஸ்டெயின்லெஸ். கார்பன் வாங்கினால் ஒவ்வொரு முறையும் துடைத்து, தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு தடவி, படுக்கை அறையில் வைங்க.

சவரக் கத்திக்குப் பேர்போன ஊர் ஜெர்மனியின் சோலிங்கன். 1906-ல் தொடங்கிய டோவோ அந்த ஊர் கம்பெனிதான். பிரான்ஸின் தியர்ஸ் இசார்டும் நல்ல பெயர் எடுத்தது. இவை பத்தாயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். சீனாவின் 'கோல்டு டாலர்' குறைந்த விலையில் கிடைக்கும். இரும்பு மோசமில்லை, ஆனால் தீட்டத் தெரிந்தவர் கையில் ஒருமுறை கொடுத்து எடுத்தாகணும். தீட்டத் தெரியாதவருக்கு அது வெறும் இரும்புத் துண்டு.

வாங்கவே கூடாதது ஒன்று உண்டு: அலை அலையாகக் கோலம் போட்ட பிளேடு, வண்ணக் கைப்பிடி, தோல் உறை, கல், பிரஷ் எல்லாம் சேர்த்து அடிமாட்டு விலைக்கு வரும் 'கிஃப்ட் கிட்'. எந்த இரும்பு, யார் செய்தது, தீட்டியதா என்று எதுவும் எழுதியிருக்காது. ஷோகேஸில் வைக்க அழகு, முகத்தில் வைக்க ஆபத்து.

தாத்தாவின் கத்தி பரணில் கிடைச்சா?

அதிர்ஷ்டம்தான்! தூக்கிப் போட்டுடாதீங்க. பகல் வெளிச்சத்தில் விளிம்பைப் பாருங்கள். பல் பல்லாக உடைந்திருக்கா? வெட்டும் விளிம்பிலேயே துரு குழி பறித்திருக்கா? கத்தியில் விரிசல் ஓடுதா? இதில் ஒன்று இருந்தாலும் அது நினைவுப் பொருள் மட்டும்தான். மேலே கறுப்பு படிந்திருப்பதோ, நடு உடம்பில் லேசான துருவோ பிரச்னை இல்லை. சோப்பில் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, கல்லில் கூர் ஏற்றிய பிறகே முகத்துக்குப் போகணும்.

பழைய பொருள் கடையில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: யானைத் தந்தக் கைப்பிடி என்று யாராவது விற்றால் தொடாதீங்க. தந்தம் வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

தோல் வார்... பெரியமேடு இருக்க பயமேன்?

ஒரிஜினல் கத்தி என்றால் தோல் வார் கட்டாயம். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்பு, கத்தியின் முதுகை முன்னால் தள்ளி, விளிம்பு பின்னால் வரும்படி 30 முதல் 50 தடவை இழுக்கணும். விளிம்பு முன்னால் போனால் தோல் அறுந்துவிடும்.

பழக்கம் வரும்வரை எல்லாருமே முதல் வாரை வெட்டித்தான் விடுவார்கள். அதனால் முதல் வாரே காஸ்ட்லியாக வேண்டாம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியமேடு, தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அங்கே சாயம் பூசாத, வழவழப்பான நல்ல தோலில் 3 அங்குல அகலம், 15 அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு வாங்குங்க. சமதளமான மரப்பலகையில் ஒட்டினால் துடுப்பு மாதிரி ஒரு வார் ரெடி. தொங்கவிடும் வாரைவிடப் புதியவர்களுக்கு இதுதான் எளிது, தொய்வு இருக்காது. பழைய பேன்ட் பெல்ட்டை எடுக்கும் முன்பு பாருங்கள்... பாதி பெல்ட் ரெக்சின்தான்!

கல் விஷயத்தில் அவசரம் வேண்டாம்

நன்றாகத் தீட்டிய கத்திக்குச் சில மாதங்களுக்குக் கல்லே தேவைப்படாது, வார் போதும். அப்புறம் வாங்கினாலும் ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 என்ற நம்பரில் வரும் தண்ணீர்க் கல் போதும். நம்பர் கூடக் கூட கல் நைஸ். 1000-க்குக் கீழே உள்ள சமையலறைக் கல்லில் சவரக் கத்தியைத் தொடவே கூடாது.

சவரக் கத்தியில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கு. தடித்த முதுகும் மெல்லிய விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி படுக்க வைத்துத் தேய்க்கணும். முதுகின் தடிமன்தான் விளிம்பின் கோணத்தை முடிவு செய்கிறது. கோணம் பிடிக்கும் வேலை நமக்கு இல்லை, கத்தியே பார்த்துக்கும். அம்பத்தூர் எஸ்டேட் டூல் ரூமில் வேலை பார்க்கும் நண்பர் இருந்தால் அவரிடம் சொல்லுங்க, ஒரு நொடியில் புரிந்துகொண்டு சிரிப்பார்.

அதே காரணத்தால்தான் தெருவில் 'சாணை புடிக்கறதே...' என்று வருகிற அண்ணனிடம் சவரக் கத்தியைக் கொடுக்கக் கூடாது. அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கில்லாடி. ஆனால் சுற்றும் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய விளிம்பு நீலம் பாய்ந்து, இரும்பின் உறுதியே போய்விடும். போனால் போனதுதான்.

நுரை வரலையா? தண்ணியைப் பாருங்க

காஸ்ட்லி கிரீம் வாங்கியும் நுரை நிற்காமல் தண்ணியாக வழிகிறதா? பெரும்பாலும் குற்றவாளி போர்வெல். நம்ம புறநகரில் பல வீடுகளுக்கு நிலத்தடி நீர்தான். பக்கெட்டில் வெள்ளைக் கறை, குழாய் முனையில் உப்பு. அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து அழுக்காகிவிடும், நுரை ஆகாது. நுரை இல்லையென்றால் கத்திக்கும் தோலுக்கும் நடுவில் பாதுகாப்பே இல்லை.

தீர்வு சிம்பிள். முகம் கழுவ எந்தத் தண்ணி வேணும்னாலும் இருக்கட்டும். நுரை போட மட்டும் கால் டம்ளர் கேன் வாட்டர் அல்லது ஆர்.ஓ. தண்ணியை வெதுவெதுப்பாக எடுத்துக்கோங்க. வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

டியூப் கிரீம் போதும். கோத்ரெஜ், பாமோலிவ், ஓல்டு ஸ்பைஸ், எது தோலுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது. டப்பாவை அழுத்தினால் வரும் ரெடிமேட் ஃபோம் கத்திக்கு உதவாது, சீக்கிரம் காய்ந்துவிடும். பிரஷ் வாங்கும்போது செயற்கை முடி போட்டதை எடுங்க. விலை குறைவு, சீக்கிரம் காயும், இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காது. மிருக முடி வேண்டாம் என்பவர்களுக்கும் அதுவே சரி.

பத்து ரூபாய் டாக்டர்

சவரம் முடிந்ததும் ஈர முகத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்தால் சின்னக் கீறல்களின் ரத்தம் நின்றுவிடும். சுரீர்னு எரியும் இடத்தில் நீங்க அதிகமாக அழுத்தியிருக்கீங்கன்னு அர்த்தம். தினமும் மார்க் போடும் வாத்தியார் அது! நாட்டு மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆனால் இதையும் பகிரக் கூடாது. சலூனில் எல்லார் முகத்திலும் ஒரே கல் போகிறதா? 'எனக்கு வேணாம்ணே' என்று மரியாதையாகச் சொல்லிடுங்க.

கணக்கு போட்டுப் பார்த்தா?

சலூனில் ஒரு ஷேவிங் 80 ரூபாய், வாரம் ரெண்டு முறை என்று வைப்போம். வருஷத்துக்கு 8,320 ரூபாய். ஷேவெட்டில் அதே 104 சவரத்துக்கு, பாதி பிளேடு ரெண்டு முறை என்றால் 26 பிளேடு. ஒன்று 4 ரூபாய் என்றாலும் 104 ரூபாய்தான்! கிரீம், பிரஷ், படிகாரம், கத்தி எல்லாம் சேர்த்தாலும் முதல் வருஷமே மிச்சம்.

ஒரிஜினல் கத்தியில் இந்தக் கணக்கு உடனே வராது. கத்தி, வார், கல் என்று முதலில் பெரிய தொகை போகும். அதை மிச்சம் பிடிக்கும் வழியாகப் பார்க்காதீங்க, ஒரு பொழுதுபோக்காகப் பாருங்க.

முதல் பத்து நாள்

- குளித்து முடித்த பிறகு மட்டும். முடி ஊறி மென்மையாக இருக்கும்.
- முதல் நாலு நாள் கன்னம் மட்டும் கத்தியில். தாடை, மேலுதடு, கழுத்து உங்க பழைய ரேஸரிலேயே.
- மறு கையால் தோலை இழுத்துப் பிடிங்க. கத்தி சுமார் 30 டிகிரி சாய்வில், முடி வளரும் திசையில், சின்னச் சின்ன இழுப்பு. பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது, அதுதான் வெட்டு.
- எதிர்த்திசைச் சவரம் ஒரு மாசம் கழித்து.
- 8.10 லோக்கலைப் பிடிக்கணும்னு ஓடும் காலையில் வேண்டாம். ஞாயிறு போதும்.
- கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீங்க. விழட்டும்.

முகத்தில் பழுத்த பருக்கள், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை... இதில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இந்த விளையாட்டு வேண்டாம். விமானத்தில் போகிறீர்களா? கத்தியும் பிளேடும் செக்-இன் பெட்டியில்தான்.

பிளேடைக் குப்பையில் போடும் முன்...

கடைசியாக வாங்க வேண்டிய பொருளுக்குக் காசே தேவையில்லை. ஒரு பழைய தகர டப்பா. மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போடுங்க, தீர்ந்த பிளேடுகளை அதற்குள் போட்டுக்கொண்டே வாங்க. ஒரு டப்பா நிறைய சில வருஷம் ஆகும். நிறைந்ததும் டேப் சுற்றி, 'பிளேடு இருக்கு' என்று எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் தனியாகச் சொல்லிக் கொடுங்க.

சாப்பாட்டு மிச்சத்தோடு கவரில் போட்ட பாதி பிளேடு, காலையில் நம்ம வாசலுக்கு வந்து குப்பையைப் பிரிக்கிற அக்காவின் விரலைத்தான் தேடிப் போகும். நம்ம கன்னத்துக்கு இவ்வளவு பார்க்கிறோம், அந்தக் கைக்கும் கொஞ்சம் பார்ப்போமே!